அவசரமில்லாத ரயில்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட்

வணக்கம், நேயர்களே.

நானும் என் கணவரும் ஐரோப்பாவில் இருக்கும் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று ஊர்களுக்கும் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஓர் ஓவியரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பயணத்துக்கு வழி போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

1565ஆம் ஆண்டு. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரத்தில் நிக்கோலாஸ் யோங்கலிங்க் என்று ஒரு பணக்கார வணிகர். அவருக்காக பீட்டர் ப்ரூகல் என்ற ஓவியர் ஒரு வருஷத்தின் பருவங்களைப் பெரிய மரப்பலகைகளில் வரைந்தார். மொத்தம் ஆறு ஓவியங்கள் இருந்திருக்க வேண்டும் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பவை ஐந்து. ஒன்று நியூயார்க்கில், மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில்.

பள்ளியில் வரலாறு நடத்திய நாளிலிருந்தே இந்த ஓவியங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் கணவருக்கு ரயிலும் சங்கீதமும் போதும். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நான்கு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்டுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. இந்த ஒரே பாதையில் இரண்டு பேர் ஆசையும் நிறைவேறும் என்று தெரிந்தது. அப்புறம் வேறு எந்த ஊரையும் நாங்கள் சேர்க்கவில்லை.

பத்து நாளில் எட்டு நாடு காட்டும் சுற்றுலாக்களில் போய் வந்த நண்பர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். பஸ்ஸில் தூங்கியதுதான் நினைவிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. அதனால் காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், நடுவில் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுவது என்று வைத்துக்கொண்டோம். வயது கூடிய தம்பதிகள் தயங்காமல் இப்படிப் போகலாம். மூன்று ஊர்களிலும் ட்ராம் உங்களைக் கைவிடாது.

பிராகில் கோட்டை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கீழேயிருந்து படியேறிப் போகிறவர்கள் நிறைய பேர். 22ஆம் எண் ட்ராமில் ஏறி, கோட்டைக்குப் பின்பக்கம் மேலேயே இறங்கிவிட்டால் ஏற்றமே கிடையாது. பார்த்துவிட்டு இறக்கமாக நடந்து வரலாம். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் கட்டத் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். நடுவில் பல நூற்றாண்டுகள் அது அரைகுறையாகவே நின்றது. உள்ளே போனால் எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். எளிதில் முடியாது.

கூட்டமெல்லாம் அந்தப் பேராலயத்தில்தான். கோட்டையின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லோப்கோவிட்ஸ் அரண்மனைக்கு வருகிறவர்கள் குறைவு. நான் தேடி வந்த முதல் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. புல் அறுக்கும் காலம். இடது மூலையில் ஒருவர் உட்கார்ந்து அரிவாளைத் தட்டித் தீட்டுகிறார். பழமும் காய்கறியும் நிறைந்த கூடைகளைத் தலையில் சுமந்தபடி ஒரு கூட்டம் ஒரு பக்கம் போகிறது. எதிர்ப்பக்கமாக மூன்று பெண்கள் தோளில் வாரியோடு நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். நானூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போன ஒரு பெண்ணின் பார்வை அது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவசரப்படுத்த யாரும் இல்லை என்பதே பெரிய நிம்மதி.

இந்த அரண்மனையை லோப்கோவிட்ஸ் குடும்பத்திடமிருந்து முதலில் நாஜிகள் பறித்தார்கள். போருக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. 1948இல் கம்யூனிஸ்ட் அரசு மறுபடியும் எடுத்துக்கொண்டது. அந்த ஆட்சி 1989இல் வீழ்ந்த பிறகுதான் சொத்துகள் மீண்டும் குடும்பத்தின் கைக்கு வந்தன. 2007இல் இதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

அங்கே என் கணவருக்கும் ஒரு விருந்து காத்திருந்தது. இந்தக் குடும்பத்தின் ஏழாவது இளவரசர் பீத்தோவனை ஆதரித்தவர். பீத்தோவன் வியன்னாவை விட்டுப் போய்விடாமல் இருக்க, 1809இல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து அவருக்கு வருஷந்தோறும் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். அந்த மூவரில் இவர் ஒருவர். எரோய்க்கா என்கிற மூன்றாம் சிம்பொனியை பீத்தோவன் இவருக்குத்தான் சமர்ப்பித்தார். பீத்தோவனே தன் கையால் திருத்திய இசைப்பிரதிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. என் கணவர் அவற்றின் முன்னால் நின்றபடி மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “என்னங்க, போகலாமா?” என்று நான் கேட்டதற்கு, “நீ அந்தப் பெண்ணோடு எவ்வளவு நேரம் நின்றாய்? எனக்கும் அவ்வளவு நேரம் கொடு” என்றார். நியாயம்தானே.

பிராகில் இன்னும் எத்தனையோ உண்டு. சார்ல்ஸ் பாலத்துக்கு 1357இல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் நடக்க வேண்டுமென்றால் விடியற்காலையில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சிலைகளே தெரியாத அளவுக்குக் கூட்டம்.

சரி, வியன்னாவுக்கு வருவோம். ஊரின் பழைய மதிலை இடிக்க 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் உத்தரவு போட்டார். மதில் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் அகலச் சாலை வந்தது. ரிங் சாலை என்று பெயர். நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், இசை நாடகம் நடக்கும் ஓபரா அரங்கம் என்று ஊரின் முக்கியக் கட்டடங்கள் எல்லாம் அந்தச் சாலை ஓரத்தில்தான். முதல் நாள் ட்ராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தச் சாலையில் போனாலே ஊரின் அமைப்பு மனசில் பதிந்துவிடும்.

கலை வரலாற்று அருங்காட்சியகமும் அங்கேதான். 1891இல் திறந்தது. அங்கே ப்ரூகலுக்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அவர் ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் கிடையாது. ஆன்ட்வெர்ப்பில் வரைந்தவை இங்கே எப்படி வந்தன? ஆன்ட்வெர்ப்பும் சேர்ந்த அன்றைய நெதர்லாந்தை ஆண்டவர்களும், வியன்னாவை ஆண்ட அதே ஹாப்ஸ்பர்க் வம்சத்தார்தான். அந்தப் பருவ ஓவியங்களை ஆன்ட்வெர்ப் நகரம் 1594இல் அவர்களுடைய ஆளுநரான எர்ன்ஸ்டுக்குப் பரிசாகக் கொடுத்தது.

பனியில் திரும்பும் வேட்டைக்காரர்கள் ஓவியத்தை நீங்களும் எங்காவது அச்சில் பார்த்திருப்பீர்கள். நேரில் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலம். மூன்று வேட்டைக்காரர்களும் முதுகைக் காட்டியபடி போகிறார்கள். நாய்கள் தலை தொங்கிச் சோர்ந்து வருகின்றன. அத்தனை அலைந்தும் ஒருவர் தோளில் ஒரே ஒரு நரிதான் தொங்குகிறது. விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்திருக்கிறது. கீழே உறைந்துபோன குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு சின்னப் பாலத்தின் மேல் ஒரு பெண் விறகுக் கட்டைச் சுமந்து போவது தெரியும். அச்சுப் பிரதியில் அவள் என் கண்ணில் பட்டதே இல்லை. பக்கத்திலேயே மற்ற இரண்டு ஓவியங்கள்: புயல் வீசும் இளவேனில் தொடக்கமும், மாடுகளை மலையிலிருந்து ஊருக்கு ஓட்டி வரும் இலையுதிர் காலமும். பிராகில் கோடையைப் பார்த்துவிட்டு வந்து இவற்றின் முன்னால் நின்றபோது, ஒரு வருஷம் முழுக்க அந்தக் கிராமத்தில் இருந்தது போல எனக்குத் தோன்றியது. வேறொரு நாள் அதே அறைக்கு மறுபடியும் போனோம். அருங்காட்சியகத்துக்குத் திரும்பப் போவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் முறை நாம் தேடி வந்ததை மட்டும் பார்க்கிறோம். இரண்டாம் முறைதான் அந்த விறகுக்காரி தெரிகிறாள்.

வியன்னாவின் காபிக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கோப்பை காபி வாங்கினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் வந்து ‘வேறென்ன வேணும்?’ என்று நெருக்கமாட்டார்கள். பழைய கடைகளில் மரச்சட்டத்தில் கோர்த்த செய்தித்தாள்கள் இருக்கும். மெலாஞ்ச் என்று கேட்டால், பால் நுரை ததும்பும் காபி ஒரு சின்னத் தட்டில் வரும். கூடவே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. 1873இலிருந்து குழாய் வழியே, மலைச்சரிவின் விசையாலேயே ஊருக்குள் வந்து சேர்கிறது. அதனால் அங்கே கடையில் பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டிய தேவையே இல்லை. குழாயில் பிடித்துத் தைரியமாகக் குடிக்கலாம்.

அப்புறம் ஓபரா. 1869இல் திறந்த அந்த அரங்கம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. பத்து வருஷம் உழைத்துக் கட்டி, 1955 நவம்பரில் பீத்தோவனின் ஃபிடேலியோ என்ற இசை நாடகத்தோடு மறுபடி திறந்தார்கள். உட்காரும் டிக்கெட் விலை மிக அதிகம். ஆனால் நின்றபடி கேட்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் இடத்தின் கம்பியில் ஒரு துப்பட்டாவையோ கைக்குட்டையையோ கட்டிவிட்டுப் போனால், வேறு யாரும் அந்த இடத்துக்கு வரமாட்டார்கள். இந்த வழக்கத்தை எல்லோரும் மதிக்கிறார்கள். என் கணவரால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல நாள் இரவு, உள்ளே நடப்பதை வெளியே பக்கத்துத் திடலில் பெரிய திரையில் அப்போதே காட்டுகிறார்கள். நாற்காலி உண்டு, கட்டணம் இல்லை. அவர் வெளியே உட்கார்ந்து கேட்டார், நான் உள்ளே நின்று கேட்டேன். முடிந்த பிறகு பேசிப் பார்த்தால், பாடகர்களின் முகம் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஓபராவுக்குப் பின்னால் சில நிமிஷ நடையில் அதே லோப்கோவிட்ஸ் குடும்பத்தின் வியன்னா மாளிகை இருக்கிறது. எரோய்க்காவை 1804இல் இளவரசருக்காக அங்கேதான் வாசித்தார்கள். பிராகில் காகிதத்தில் பார்த்த இசை முதலில் ஒலித்த கூடத்தில் நின்றபோது என் கணவர் கண் கலங்கிவிட்டார்.

ஷோன்ப்ரூன் அரண்மனைக்கும் போனோம். 1,441 அறைகள் இருக்கிறதாம். நாங்கள் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டோம். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு மாலைப் பொழுதுக்கு அதுவே போதும்.

புடாபெஸ்டில் இறங்கியதும் எங்களுக்கு முதலில் பிடித்தது மெட்ரோவின் முதல் தடம். 1896இல் திறந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் முதல் சுரங்க ரயில் இதுதான். தெருவுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் சில படிகள் இறங்கினாலே போதும். சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள், ஓடு பதித்த சுவர்கள். அதிலேறி நகரப் பூங்காவில் இறங்கினால் எதிரே சேச்சேனி வெந்நீர்க் குளியலகம்.

பூமிக்கடியிலிருந்து எழுபது டிகிரிக்கு மேல் சூடாக வரும் தண்ணீரை ஆற்றிக் குளங்களில் விடுகிறார்கள். மார்பளவு வெந்நீரில் நின்றபடி உள்ளூர்ப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களே, உங்களுக்காகச் சொல்கிறேன்: புடாபெஸ்டைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். அதுவரை நடந்த களைப்பெல்லாம் அங்கே இறங்கிவிடும். கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் லுகாச் குளியலகத்துக்குப் போகலாம். அங்கே குளித்து நோய் தீர்ந்தவர்கள் நன்றி சொல்லிப் பதித்த கற்பலகைகள் சுவர் நிறைய இருக்கின்றன. ரூடாஷ் என்ற குளியலகத்தில் துருக்கியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய எண்கோணக் குளமும் மேலே குவிமாடமும் இன்றும் இருக்கின்றன.

டான்யூப் ஆறு புடாபெஸ்டின் நடுவில் ஓடுகிறது. 1873இல்தான் இரு கரை ஊர்களும் ஒரே நகரமாயின. 1849இல் கட்டிய சங்கிலிப் பாலத்தைப் பின்வாங்கிய ஜெர்மானியப் படை 1945இல் தகர்த்தது. சரியாக நூறாவது வருஷத்தில் மறுபடி கட்டித் திறந்தார்கள். கிழக்குக் கரையோரமாகவே 2ஆம் எண் ட்ராம் ஓடுகிறது. எதிர்க்கரையின் மலையும் அரண்மனையும் பார்த்துக்கொண்டே போகலாம். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இறங்கி ஆற்றோரமாகக் கொஞ்சம் நடந்தால், கரை விளிம்பில் அறுபது ஜோடி இரும்புக் காலணிகள். பெண்களின் செருப்பு, தொழிலாளியின் பூட்ஸ், குழந்தையின் சின்னக் காலணி. 1944-45 குளிர்காலத்தில் ‘அம்புச் சிலுவை’ என்ற ஹங்கேரிய பாசிசக் கும்பல் யூதர்களை இங்கே வரிசையாக நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளியது. சுடுவதற்கு முன் காலணிகளைக் கழற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அவற்றுக்கு விலை இருந்தது. 2005இல் வைத்த நினைவுச்சின்னம் இது. சிலர் அந்தக் காலணிகளுக்குள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்று மாலை நாங்கள் வேறெங்கும் போகவில்லை. போக மனசும் இல்லை. இரவு அறையில் அந்தச் சின்னக் காலணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கிளம்ப நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பணம் மட்டும் மூன்று விதம்: செக் நாட்டில் கொருனா, ஆஸ்திரியாவில் யூரோ, ஹங்கேரியில் ஃபோரிண்ட். பிராகில் ட்ராம் டிக்கெட்டைக் காகிதத்தில் வாங்கினால், ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். பதிக்காத டிக்கெட் செல்லாது. வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை தவிர. பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் ஒரு வேளை சோறு வடித்துச் சாப்பிடலாம். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பிராகில் பழம் வைத்த கொழுக்கட்டை கிடைக்கும், வியன்னாவில் கைசர்ஷ்மார்ன் என்ற இனிப்பு அடை, புடாபெஸ்டில் பாலாடைக்கட்டி தூவிய லாங்கோஷ். ப்ரூகல் அறையைப் பார்க்கப் போகிறவர்கள் கிழமையையும் கவனியுங்கள். செப்டம்பரிலிருந்து மே வரை அந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மே மாதமோ செப்டம்பரோ போனால் வெயிலும் குளிரும் அளவாக இருக்கும், ஓபராவின் திரையும் இருக்கும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.