மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்

(மன்னார்குடி வட்டாரத்தில் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, குழு அக்காமார்களே, உரக்கடை அண்ணன்மார்களே, வணக்கம்.

தற்கொலைத் தடுப்பு என்றதும் எல்லோரும் புத்திமதி சொல்லத்தான் கிளம்புகிறோம். நான் பூட்டிலிருந்து தொடங்குகிறேன். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. குறுவைக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சம், சம்பாவுக்கு ஆகும் என்று நம் வீடுகளுக்குள்ளேயே கிடக்கிறது.

“சாக நினைத்தவன் வேற வழி பார்க்க மாட்டானா?” என்பீர்கள். இலங்கையில் கடும் நச்சு மருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. எல்லோரும் வேறு வழிக்குப் போய்விடவில்லை.

ஆனால் எந்தப் பூட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அதே இலங்கையில், அனுராதபுரம் பக்கம் 180 ஊர்களை எடுத்து, ஒரு பகுதி ஊர்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை என்று 2017இல் முடிவு வந்தது. பெட்டியும் சாவியும் ஒரே கூரைக்குள் இருந்தால் வேறென்ன ஆகும்? நம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இரண்டு ஊர்களில் வேறு மாதிரி செய்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு, உள்ளே பூட்டுப் போட்ட பெட்டிகள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஊர் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், மருந்தால் போகும் உயிரும் குறைந்தது.

கட்ட நினைக்கிற ஊருக்குச் சொல்கிறேன். இடம் வயலுக்குப் போகிற வழியில் இருக்க வேண்டும். வடிகால் ஓரம் வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் புகுந்துவிடும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குடும்பத்திடம், மற்றது பொறுப்பாளரிடம். விடிகாலையில் மருந்தடிக்கப் போகிறவர் 6 மணிக்கு வந்து நிற்க, பொறுப்பாளர் 8 மணிக்கு வந்தால், அடுத்த முறை பாட்டில் நேரே வீட்டுக்குப் போகும். திட்டம் படுத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் பொறுப்பாளர் இருவர் வேண்டும், சம்பளமும் வேண்டும். எடுத்த அளவு, திரும்பிய மிச்சம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பொழுது சாய்ந்தும் மிச்சம் வரவில்லையா, அன்றிரவே அந்த வீட்டுக்கு ஆள் போகட்டும்.

கடைக்கார அண்ணன்மாரே, எந்தப் பயிர், என்ன பூச்சி என்று சொல்லத் தெரியாமல் முகம் வாடி நிற்பவரிடம் “ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிடுங்கள். உட்கார வைத்து ஒரு டீ கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர். ஊர் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது, அல்லது குசுகுசுக்கிறது. இரண்டுமே கெடுதல். சென்னை உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, 2008இல் வெளியானது. முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி அனுப்பி, பிறகு 1, 2, 4, 7, 11 வாரங்களிலும், 4, 6, 12, 18 மாதங்களிலும் நேரிலோ போனிலோ விசாரித்தார்கள். மொத்தம் ஒன்பது முறை. அப்படி விசாரித்தவர்களில் தற்கொலையால் இறந்தோர் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2. மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் சுகர், பிரஷருக்கு எப்படியும் வீடு வீடாகப் போகிறார். அந்த ஒன்பது தேதியும் அவர் நோட்டில் ஏறட்டும்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது; தண்டிக்கச் சொல்லவில்லை.

குழு அக்காமாருக்கு ஒன்று. வாரத் தவணை தவறியவர் வாசலில் கூட்டமாகப் போய் உட்காருவதை விடுங்கள். அந்த அவமானம் கடனைவிடப் பெரிது. யாராவது “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்றால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து மனநல உதவி எண் 14416க்கோ, சுகாதார உதவி எண் 104க்கோ போன் அடியுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது ஆகியிருந்தால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். 108, நேரே அரசு ஆஸ்பத்திரி. மருந்து டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கான சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.