பஸ்ஸில் ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் குன்னூரில் குடியிருக்கும் என்னிடம் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, காலையில கெளம்புனா ஊட்டிக்கு மலை ரயில்லயும் போயி, படகும் விட்டுட்டு, ராத்திரிக்குள்ள ஊடு வந்து சேர முடியுங்களா?" முடியும். ஆனால் எல்லோரும் போடுகிற திட்டத்தை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

எல்லோரும் என்ன செய்கிறார்கள்? மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயிலைப் பிடிக்க, விடியற்காலை ஐந்து மணிக்கே கோவை ஜங்ஷனில் நிற்கிறார்கள், சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற. மலை ரயில் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். கீழே வரும் வண்டி இரண்டு மணிக்கு. நடுவில் கிடைப்பது இரண்டே மணி நேரம். அதற்குள் சாப்பாடு, படகுத்துறை வரிசை, மறுபடி ஸ்டேஷனுக்கு ஓட்டம். குழந்தைகள் ஏறும்போதே நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து களைத்திருப்பார்கள். மேலே தங்குகிறவர்களுக்கு அந்த வண்டி அருமையானது. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவதை ஒருமுறையாவது அனுபவிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

நான் சொல்லும் வழி இது. ஏறுவதற்கு அரசுப் பஸ், இறங்குவதற்கு மலை ரயில்.

கோவையிலிருந்து ஊட்டி 85 கிலோமீட்டர் சுமார். ஐந்து மணி வாக்கில் பஸ் ஏறினால் எட்டரை மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடலாம். கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன் வரிசையில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். இன்னொரு வசதியும் உண்டு. 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை. தண்ணீரை மட்டும் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது நியாயம்தான் என்பேன். இங்கே எறிகிற குப்பை, மழை பெய்தால் ஓடை வழியாக நேரே பவானிக்குத்தான் போகிறது. பவானித் தண்ணீரைக் குடிப்பது கீழே இருக்கிற நம்மவர்கள்தான்.

ஊட்டியில் இறங்கியதும் ஒரு நிமிஷம் நின்று சுற்றிலும் பாருங்கள். அந்த பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் இருக்கும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீருக்குள் இருந்த இடங்கள். அன்றைக்குக் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் மலை ஓடைகளுக்குக் கரை கட்டி உண்டாக்கியது இந்த ஏரி. அந்தக் காலத்தில் அக்கரைக்குப் போகவே படகுதான். இன்று சுருங்கிப்போய் மீதியிருக்கும் தண்ணீரில்தான் நாம் படகு விடுகிறோம். ஊர்க் கழிவு நீர் கலந்து ஏரி படும் பாட்டைப் பார்த்தால் மனசு வலிக்கும். தூர் வாருவதும் கழிவைத் தடுப்பதும் சீசனுக்குச் சீசன் பேச்சாக நின்றுவிடாமல் வேலையாக நடக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து படகு இல்லம் நடக்கிற தூரம்தான். ஒன்பது மணி அளவில் திறப்பார்கள். அந்த முதல் ஒரு மணி நேரம்தான் ஏரிக்கு அழகு. பனிக்காலமென்றால் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆவி படிந்திருக்கும், கரையோரத்துக் கற்பூர மரங்களின் (யூகலிப்டஸ்) வாசம் வரும், கூட்டம் இராது. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகில் சத்தம்தான் மிஞ்சும். துடுப்புப் படகில் ஓட்டுகிற அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தால் ஏரி எதுவரை இருந்தது, எந்த மழைக்கு எங்கே தண்ணீர் ஏறியது என்று கரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். மிதிபடகுக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஆற்றுத் தண்ணீரில்தான் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குப் பைக்காரா இருக்கிறது. கூடலூர் சாலையில் ஊட்டியிலிருந்து 20 கிலோமீட்டர். முக்குர்த்தி சிகரத்தில் பிறந்து வரும் ஆறு அது, இந்த மலையின் பழங்குடியான தோடர்களுக்குப் புனிதமானது. அதன் தண்ணீரில்தான் 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். சோலையும் புல்வெளியும் சூழ்ந்த அந்த நீர்த்தேக்கத்தில் படகில் போவதற்கு ஊட்டி ஏரி ஈடாகாது. ஆனால் அங்கே போய்விட்டு இரண்டு மணி ரயிலையும் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பைக்காராவுக்கு இன்னொரு நாள் வாருங்கள்.

படகு முடிந்தால் மணி பத்தரை இருக்கும். ஒரே ஓர் இடம் பாருங்கள், போதும். தாவரவியல் பூங்கா, இல்லையென்றால் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம். அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்த மரங்கள். தொட்டபெட்டா சிகரத்தை விட்டுவிடுங்கள். சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடித்து, ஊட்டியின் மொறுமொறுப்பான தின்பண்டமான வர்க்கி வாங்கிக்கொண்டு, ஒன்றரைக்கு ஸ்டேஷனில் இருங்கள்.

அப்புறம் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் வந்த பாதை இது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005-ல். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை டீசல் எஞ்சின்தான். லவ்டேல் தாண்டிக் கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு முழுவதும் கேரட் தோட்டங்களும் படுகர் இன மக்களின் ஊர்களான ஹட்டிகளின் வரிசை வீடுகளும் தெரியும். அந்த இடத்தில் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

குன்னூரில் எஞ்சின் மாற்றுவார்கள். கட்டாயம் இறங்கிப் போய்ப் பாருங்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வகை நீராவி எஞ்சின்கள் இவை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே செய்தவையும் ஓடுகின்றன. எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்த்தால் பல்சக்கரம் தெரியும். குன்னூருக்குக் கீழே தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல் பட்டைகள் ஓடும். ஒன்றின் பல் வரும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி பதித்திருப்பார்கள். அதனால் எந்த நேரமும் ஒரு பல்லாவது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி இறங்குகிற சரிவு அது. இறங்கும்போது எஞ்சின் முன்னால் நின்று வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு போகும், முதுகு கொடுத்து மாட்டுவண்டியை மேட்டிலிருந்து இறக்குகிற ஆள் மாதிரி.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். சக்கரத்துக்கு ஒன்று, பல் பட்டைக்கு ஒன்று என்று அவர் கையில் இரண்டு பிரேக். விசில் சத்தத்தைக் கேட்டு அதற்கேற்ப முறுக்குவார், தளர்த்துவார். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். குகை வந்ததும் வண்டியே கூச்சல் போடும், உங்கள் பிள்ளைகளும் போடட்டும். ஹில்குரோவ் ஸ்டேஷனில் குரங்குகள் ஜன்னல் வரை வரும். வர்க்கிப் பொட்டலத்தைக் காலுக்கடியில் வையுங்கள், எதையும் கொடுத்துப் பழக்காதீர்கள்.

ஐந்தரை மணிக்கு மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோவைக்குப் பஸ்ஸுக்குக் குறைவில்லை. எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம்.

டிக்கெட்டுதான் கஷ்டம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். முதலில் டிக்கெட்டை எடுங்கள், அதற்கேற்ப லீவு போடுங்கள். கிடைக்கவில்லையா, மனதைத் தளரவிட வேண்டாம். ஊட்டி குன்னூர் இடையே பகலில் வேறு சில வண்டிகளும் உண்டு. அதில் குன்னூர் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இறங்கலாம். கேத்திப் பள்ளத்தாக்காவது கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் வராதீர்கள். சாலையே நகராது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரிலும் டிசம்பரிலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து பாதை அடைபடுவது வழக்கம். அப்போது டிக்கெட் கையில் இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு வண்டி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரயில் நேரங்களையும் அப்போதே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, வார நாளாகப் பார்த்து வந்தால் மிகவும் நல்லது. ஸ்வெட்டர் எடுத்து வர மறந்துவிடாதீர்கள், காலை எட்டரைக்கு ஊட்டி நன்றாகவே குளிரும்.

நன்றி, வணக்கம்.