நாளைக்கு வரலைங்க

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சுதந்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை நம் ஜனங்கள் எந்த அளவுக்குப் புரிந்து வைத்திருக்கிறார்கள், அதைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று பேசலாம் என வந்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் ஆறு சுதந்திரங்களையும், பேச்சு, கூட்டம், சங்கம், நாடெங்கும் போய்வருவது, விரும்பிய ஊரில் குடியிருப்பது, தொழில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான். அவன்தான் வகுப்புத் தலைவன். ஆண்டு விழாவுக்கு வகுப்பில் பணம் வசூலித்தபோது ஒரு மாணவன் எனக்கு இஷ்டமில்லை, தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து அவனோடு யாரும் பேசவில்லை. பக்கத்தில் உட்காரவில்லை, தண்ணீர் பாட்டில்கூடத் தரவில்லை. நான் விசாரித்தபோது தலைவன் நிமிர்ந்து நின்று, "ஓட்டு எடுத்து முடிவு பண்ணினோம் சார், எல்லாரும் கை தூக்கினாங்க" என்றான். அவன் கெட்ட பையனே இல்லை. நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் மனதார நம்பினான். நம் ஊர்களில் ஊர்க்கட்டுப்பாடு என்று ஒன்று உண்டே, ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் கடையில் சாமான் கிடைக்காது, நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள், அதையே அவன் பெரும்பான்மை முடிவு என்ற பெயரில் எட்டுக்கு இருபது அடி வகுப்பறைக்குள் கொண்டுவந்திருந்தான். அவனுக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் போட்டவன் நான்.

அதற்கப்புறம் கேள்வித்தாளை மாற்றினேன்.

ஒரே கேள்வியை இரண்டு விதமாக எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பேன். உங்கள் தெருமுனையில் ஒரு கட்சி கூட்டம் போடுகிறது, அனுமதிக்கலாமா என்பது கேள்வி. பாதிப் பேருக்கு அது அவர்களுக்குப் பிடித்த கட்சி, மீதிப் பேருக்கு அறவே பிடிக்காத கட்சி. முதல் பாதி, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அடிப்படை உரிமை என்று அழகாக எழுதும். இரண்டாம் பாதிக்கு ஆம்புலன்ஸ் போக வழி இருக்காதே, பிள்ளைகள் படிக்கிற நேரமாயிற்றே, மைக் சத்தம் வயதானவர்களைத் தொந்தரவு செய்யுமே என்றெல்லாம் ஞாபகம் வரும். எல்லாம் சரியான காரணங்கள்தான், நியாயமான கட்டுப்பாடு என்று சட்டமே சொல்வதுதான். ஆனால் முதல் தாளை எழுதியவர்கள் தெருவிலும் அதே ஆம்புலன்ஸ் போக வேண்டும் இல்லையா? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இன்னொரு கேள்வி நம் மண்ணிலேயே கிடைத்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நாம் தினமும் பஸ்ஸில் போகிற பாதைதான். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் என்ற வெள்ளைக்காரர், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று யாருக்குத் தெரியும்! பொட்டலம் கட்டியவர் செய்தது சரியா என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். சரி, உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஒரு கூட்டம் இன்று உங்கள் ஊர் வழியாக அமைதியாக நடந்து போகிறது, அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று ஒருவர் மிரட்டுகிறார், நீ கட்டுவாயா பொட்டலம்? இந்தக் கேள்விக்கு உடனே கை தூக்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. யோசிப்பார்கள். அந்த யோசனைக்குத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

இப்படிக் கேட்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, டீக்கடையில், நூலகத்தில், கிராமசபைக் கூட்டம் முடிந்து கலைகிற நேரத்தில் என்று எங்கேயும் கேட்பேன். ஒரு குறுவை நடவின்போது, வரப்பு மேட்டில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், "சுதந்திரம்னா என்ன ஆயா?" என்று கேட்டேன். எண்பது வயதை ஒட்டியிருப்பார், கைநாட்டு. சேறு காய்ந்த விரல்களை உதிர்த்துக்கொண்டே, "நாளைக்கு வரலைங்கன்னு சொல்லிப்புட்டு வீட்ல படுத்துக் கெடக்கலாம்ல, அதாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கப்பாரு சொல்ல முடியாது" என்றார்.

அவருடைய அப்பா பண்ணையாள், அதாவது ஒரு மிராசுதாரின் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த விவசாயக் கூலி. கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருப்பது என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் சாட்டையடி, வாயில் சாணிப்பால். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டி அதை எதிர்த்து நின்றார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொண்டுவந்தது அதே ராஜாஜியின் அமைச்சரவை. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி கேட்ட சனங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். "வரலைங்க" என்ற ஒரு சொல்லுக்கு இந்த மண்ணில் என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

என் பரீட்சை எழுதியிருந்தால் அந்தப் பாட்டி தோற்றுப்போயிருப்பார். அதனால்தான், ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஜனங்களுக்கு ஒரு தேர்வு வைத்தால் என்ன என்று படித்தவர்கள் யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்று வைத்துக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்தார்கள், 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு வழி அடைபட்டது. நம் நாட்டிலும் 1935-ஆம் வருஷச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு என்று தகுதி பார்த்துத்தான் ஓட்டு. 1951-52 தேர்தலில் 21 வயதான எல்லாருக்கும், கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் சேர்த்து, ஓட்டு வந்தது. பண்ணையாளுக்கும்தான்.

பாட்டி அன்று அதோடு விடவில்லை. "வாத்தியாரையா, ஒங்க வூட்ல வேல பாக்குற பொண்ணு அப்படிச் சொல்லுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். நான்கு வருஷமாக வேலைக்கு வருகிற பெண், காய்ச்சலானாலும் வந்து நின்றிருக்கிறாரே தவிர ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சம்பளத்தில் பிடிக்க மாட்டோம் என்று அன்றே சொல்லிவிட்டோம். முதல் ஞாயிறும் காலை ஆறரைக்கு வந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். ஏன்மா என்றால், "கோவிச்சுக்குவீங்களோன்னு" என்றார். மூன்றாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வரலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வணக்கம்.