சொந்தக்காரர் எங்கே நிற்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம். செயப்படுபொருளை வினைச்சொல்லுக்குள்ளேயே புகுத்திவிடும் மொழிகள் சில உண்டு. சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மாப்புச்சே மக்களின் மாப்புதுங்குன் அப்படிப்பட்டது. அதில் 'கிந்து' என்றால் தேடு, 'வாகா' என்றால் மாடு. மாடு தேடிக்கொண்டிருக்கிறார் என்பதை 'கிந்துவாகாலேய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இதில் 'வாகா' ஸ்பானிய மொழியிலிருந்து வந்த பெயர். வந்தேறிப் பெயருக்கும் வினை இடம் கொடுக்கிறதென்றால், இது பழைய கூட்டுச்சொற்களின் மிச்சம் அல்ல, உயிரோடு இயங்கும் விதி.

இதைப் பெயர் உள்ளிணைப்பு என்போம். இப்படி ஒன்று உண்டா என்றே அமெரிக்க மானிடவியலாளர் குரோபர் ஐயுற்றார். 1911இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் சான்றுகளோடு பதில் சொன்னார். அந்த வழக்கு தீர்ந்தது. தீராதது வேறு: பெயர் எப்போது உள்ளே போகிறது? சொல் பிறக்கும்போதா, தொடர் அமைந்த பிறகா?

இதற்கு நல்ல சாட்சி, மாட்டின் சொந்தக்காரர். மாடு வினைக்குள் போய்விட்டால் அவர் கதி என்ன? தொடருக்குள்தான் பெயர் நகர்கிறது, உடைமையாளர் பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறார் என்றார் மொழியியலாளர் மார்க் பேக்கர், 1988இல். தலைச்சொல்லான 'மாடு' விலகியதும் வினையின் பார்வை நேராக அவர்மேல் விழுகிறது. அவரைச் செயப்படுபொருள்போல் நடத்துகிறது. அடுத்த ஆண்டே இன்னொரு மொழியியலாளர் சாரா ரோசன் மறுத்தார்: கூட்டுவினை தொடர் அமையுமுன்பே, நம் மனத்தின் சொற்களஞ்சியத்திலேயே உருவாகிவிடுகிறது, வெளியே நிற்கும் சொந்தக்காரர் முதலிலிருந்தே அதன் செயப்படுபொருள்தான்.

என் சாய்வு பேக்கர் பக்கம். ஆனால் மொழியியலாளர் மரியான் மிதுன் 1984இல் எடுத்துக்காட்டிய, மெக்சிகோவின் யுகடெக் மாயா மொழி என்னைத் தயங்க வைக்கிறது. அங்கே மரத்தை வினைக்குள் வைத்து, 'என் வயலை மரம்வெட்டுகிறேன்' என்பதுபோலச் சொல்லலாம். வயலை மரத்தின் உடைமையாளர் என்பது கொஞ்சம் இழுத்துப்பிடித்த வாதம்தான்.

தமிழில் பெயர் வினைக்குள் முழுதாகப் புகுவதில்லை. ஆனாலும் 'குழந்தையின் தலையைச் சீவினாள்' என்பதைவிட 'குழந்தைக்குத் தலை சீவினாள்' என்பதே நமக்கு இயல்பு. ஐ உருபை இழந்த தலை வினையோடு ஒட்டிக்கொள்கிறது. இடையில் 'மெதுவாக' என்று செருகினால் காது ஏற்காது. குழந்தையோ நான்காம் வேற்றுமைக்கு மாறிவிடுகிறது. இது பேக்கர் சொன்னபடி விடப்பட்ட உடைமையாளரா, வெறும் பயனடைபவரா? 'கமலாவுக்கு வீடு விற்றாள்' என்றால் வீடு கமலாவுடையது என்று யாரும் கொள்வதில்லை, கமலா வாங்கியவர். அப்படியானால் தலை போன்ற உறுப்புப் பெயர்களில் மட்டும் நான்காம் வேற்றுமையில் நிற்பவரை உடைமையாளராகக் கொள்ளும் சலுகை ஏன்?