தகடு இல்லாத இரண்டு வருடங்கள்

வணக்கம் நேயர்களே.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் வாலிபால் போட்டி நடக்கும். ஜெயிக்கிற அணிக்கு ஒரு சுழற்கோப்பை. ஊரில் மறைந்த ஒரு பெரியவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் கொடுத்தது. நாங்கள் அதை ‘அப்பாரு கப்’ என்போம். மரப்பீடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றிலும் வருடமும் ஜெயித்த ஊரின் பெயரும். ஒரு தகட்டில் நாங்களும் இருக்கிறோம். வருடம் முழுக்க வைத்திருந்துவிட்டு, அடுத்த தையில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பித் தர வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி ஸ்பான்சராக வந்தது. லைட் போட்டார்கள், பனியன் தந்தார்கள், ரொக்கப் பரிசும் கூடியது. பசங்களுக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் போட்டியின் பெயர் கம்பெனி பெயராயிற்று. கோப்பையும் அவர்களுடையதே. மூன்றாம் வருடம் அவர்கள் வரவில்லை. அப்பாரு கப்பைத் தேடினால், படிப்பகத்துப் பரணில் கிடந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்குத் தகடு இல்லை. அப்போது ஜெயித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஐபிஎல் 2008இல் டிஎல்எஃப் கம்பெனி பெயரில் தொடங்கியது. அப்புறம் பெப்சி, விவோ, ட்ரீம்11, 2022 முதல் டாடா. கிரிக்கெட் வீரர் ரஞ்சியின் பெயரில் உள்ள ரஞ்சிக் கோப்பையோ 1930களிலிருந்து ரஞ்சிக் கோப்பைதான். இப்போது முன்னால் ஒரு வங்கியின் பெயர் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் ரஞ்சியை யாரும் எடுத்துவிடவில்லை. அந்த அளவுக்குச் சரி என்பேன்.

பணக்காரர் பெயரே கூடாது என்பதல்ல என் பேச்சு. கோவைப் பக்கம் செட்டிபாளையம் கார்ப் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயர். ஆலை முதலாளிகள் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பந்தயக் கார்களைக் கோவையிலேயே செய்து, இளைஞர்களை ஓட்டவைத்தவர். 1995இல் அவர் மறைந்த பிறகு, நினைவாக வைத்த பெயர் அது. ஒப்பந்தம் முடிந்ததும் கழற்றுகிற பெயர் அல்ல.

போட்டி நடத்துகிற கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: பனியனிலும் பேனரிலும் ஸ்பான்சர் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். கோப்பையின் பெயரை மட்டும் விற்காதீர்கள்.

விட்டுப்போன இரண்டு தகடுகளையும் இந்தத் தைக்குள் பொறித்துவிடப் பார்க்கிறோம். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஆடியவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வாருங்கள். ஜெயித்தது எந்த ஊர் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.