செருப்புக்குள் ஒரு கல்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், ரிட்டயர்டு ஐயர். அந்த முப்பது வருஷமும் நல்ல மனசோடு தப்பாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

குலசேகரம் பக்கம் ஒரு சபையில் இருந்தேன். ரப்பர் வெட்டுகிற தம்பி ஒருவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்ததும் அந்த வாடையோடு நேரே என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "ஐயரே, நான் பரிசுத்த ஆவியைத் தூஷித்துவிட்டேன். எனக்கு மன்னிப்பு உண்டா?"

விஷயம் என்னவென்றால், திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது, அவருக்கே அருவருப்பான ஒரு வார்த்தை மனசுக்குள் வந்து விழும். அவர் கூப்பிட்டு அது வருவதில்லை. வரக்கூடாது என்று நினைக்க நினைக்க இன்னும் சத்தமாக வரும்.

நான் மாற்கு 3-ஆம் அதிகாரத்தை விரிப்பேன். பிசாசுகளின் தலைவனைக் கொண்டுதான் இயேசு பிசாசுகளைத் துரத்துகிறார் என்று வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், சொன்னார்கள். பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பே இல்லை என்கிற வசனம் அவர்களைப் பார்த்துத்தான் வருகிறது. பட்டப்பகலில் நின்றுகொண்டு இருட்டு என்று சாதித்தவர்கள் அவர்கள். அவர்களில் யாராவது அழுதார்களா? தூக்கம் கெட்டார்களா? "நீ அழுகிறாயே தம்பி, அப்புறம் அது எப்படி உன் பாவமாகும்?" என்பேன். (அதே அதிகாரத்தில் இயேசுவுக்கே மதி மயங்கிவிட்டது என்று அவருடைய இனத்தார் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள். இதை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை!)

விளக்கம் சரிதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தம்பிக்கு அது முதலில் ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் மூன்று நாள். கடைசியில் கேட்டைத் தாண்டுமுன் திரும்பி வந்துவிடுவார். "ஐயரே, நீங்க சொன்னது என்னையும் சேர்த்துத்தானே?"

ஊரில் சிலர் ஆவி பிடித்திருக்கிறது என்றார்கள். உபவாச ஜெபமும் நடந்தது. சாப்பிடாமல் கிடந்ததில் மனுஷன் இன்னும் வாடிப்போனதுதான் மிச்சம். கடைசியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். இது ஓ.சி.டி. என்றார். சிலர் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள், பூட்டின கதவைப் போய்ப் போய் இழுத்துப் பார்ப்பார்கள், இல்லையா? அதே நோய்தான் இங்கே பாவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அவர் கேட்கும்போது ஐயா என்ன செய்வீங்க?" வசனம் சொல்லி ஜெபிப்பேன் என்றேன். "சிரங்கைச் சொறிந்துவிடுகிறீங்க. அந்த நேரத்துக்குச் சுகமாத்தான் இருக்கும்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பாடு தம்பிக்கு மட்டும் வந்ததல்ல. சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை ஐயர் கத்தோலிக்கப் புனிதரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். கோட்டாறு சவேரியார், அதாவது பிரான்சிஸ் சவேரியார், நமக்கெல்லாம் பழக்கப்பட்டவர். 1544-இல் இந்தக் கடற்கரையில் நடந்தவர். அவருடைய குரு இஞ்ஞாசியார், 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்கிற ஊரில் தங்கியிருந்தபோது இதே பாடுதான் பட்டார். வாழ்நாள் பாவமெல்லாம் மூன்று நாளாக எழுதி அறிக்கையிட்டு முடித்திருந்தார். அப்படியும் ஏதோ விட்டுப்போச்சு, சரியாகச் சொல்லவில்லை என்று பாவ அறிக்கை கேட்கும் குருவானவரிடம் திரும்பத் திரும்பப் போவார். தெளிவாகத் தெரிகிற பாவத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார் குருவானவர். இவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! ஒரு வாரம் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு நாள், பழைய பாவம் எதையும் இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு விடுபட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பாருங்கள், மறுபடியும் மறுபடியும் கேட்பதை நிறுத்தினார். டாக்டர் எனக்குச் சொன்னதும் அதுதானே?

இந்தச் சந்தேகத்துக்கு லத்தீனில் வைத்த பெயருக்கு, கூரான சின்னக் கல் என்று அர்த்தம். செருப்புக்குள் மாட்டின கல். நடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

டாக்டரும் தம்பியும் நானும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டோம். அடுத்த முறை அவர் வந்து கேட்டபோது, "அதற்கு இன்றைக்குப் பதில் இல்லை தம்பி. காப்பி குடிக்கிறியா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என் வாய் வசனத்துக்குத் துடித்தது. அவருக்குக் கை நடுங்கியது. ஆனாலும் குடித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. வீட்டார் என்ன செய்யவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், போகட்டும். மாத்திரையை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு மாத்திரை வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பத்து நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஜெபியுங்கள், தாராளமாக ஜெபியுங்கள். விசுவாசம் என்று சொல்லி மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்கிற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது. அரசு நடத்துவது, இலவசம், இராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எண் 14416. பென்சில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தடவை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.