மான் வேட்டைக்கு எந்த தோட்டா?

வணக்கம் நேயர்களே. மொதல்லயே சொல்லிடுறேன், நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துக் காட்டுல மான் சுடறதப் பத்தி நான் பேச வரல. பெரிய மான் ரூசா, சின்ன மான் கீஜாங், ரெண்டுக்கும் வேட்டை லைசன்ஸ் குடுக்கறத வனவிலங்குத் துறை, அதான் பெர்ஹிலித்தான், நிறுத்தி வருஷக்கணக்காச்சு. தீபகற்ப மலேசியாவுல புலியே 150-க்குக் கீழதான் மிச்சம், அதோட முக்கியமான சாப்பாடு இந்த ரூசா, அதையும் நாம சுட்டுட்டா புலி எதத் தின்னும்? அதனால யாரும் ரேடியோல அங்கிள் சொன்னாருன்னு கெளம்பிடாதீங்க.

நான் பேசப்போறது ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்தப் பத்தி. நான் இங்க தோட்டத்துல, லயத்து வீட்டுல பொறந்து வளந்தவன், இப்ப குடும்பத்தோட கிப்ஸ்லேண்ட் பக்கம் இருக்கேன், அங்க லைசன்ஸ் எடுத்து வேட்டைக்குப் போறேன். வேடிக்கை என்னன்னா அங்க சுடறதும் இதே ரூசாதான், தமிழ்நாட்டுல மிளான்னு சொல்லுவாங்களே அதேதான். 1860-கள்ல வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டுபோய் விட்டான், இன்னிக்கு அந்த மலைக்காடு பூரா பெருகி செடிகொடியெல்லாம் மேஞ்சு நாசம் பண்ணுது, அதனால அங்க சுடறது சட்டப்படி சரி.

ஊருக்கு வந்ததும் டவுன்ல ஒட்டுக்கடையில தே தாரேக் குடிச்சிட்டு இருக்கேன், பக்கத்து மேசையில ஒரு பையன், ஃபோன்ல துப்பாக்கி கேம் ஆடற வயசு, "அங்கிள், மேக்னம்தானே பெஸ்ட்டு?"ன்னு கேக்கறான். மேக்னம்னா மருந்து அதிகமா அடைச்ச பலமான தோட்டா. இல்லடா தம்பி. பெரிய தோட்டா, பெரிய சத்தம், அதுல எல்லாம் மான் சாகாது. தோட்டாவோட முனையில இருந்து பறந்து போறதுதான் குண்டு, அது உள்ள போனதும் என்ன ஆகுதுங்கறதுல இருக்கு விஷயம்.

விக்டோரியா சட்டம் என்ன சொல்லுதுன்னா, ரூசா மாதிரி பெரிய மானுக்கு கொறஞ்சது 270 காலிபர் (காலிபர்னா துப்பாக்கிக் குழாயோட அகலம்), குண்டோட எடை கொறஞ்சது 130 கிரெய்ன், அதாவது எட்டரை கிராம் கிட்ட. புள்ளிமான் மாதிரி சின்னதுக்கு 243 காலிபரும் 80 கிரெய்னும் இருந்தா போதும். இங்கிலாந்துல இன்னும் ஒரு படி மேல போய், மானுக்கு, பட்டதும் விரியற குண்டுதான் போடணும்னே சட்டத்துல எழுதி வச்சிருக்கான். இங்கதான் எனக்கு எப்பவும் ஒரு ஆச்சரியம். 1899-ல ஹேக் மாநாட்டுல போர்ல விரியற குண்டு சுடக்கூடாதுன்னு நாடுங்க சேந்து கையெழுத்துப் போட்டாங்க, அந்த விவாதத்துக்கே காரணம் கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில பிரிட்டிஷ் பட்டாளத்துக்காக செஞ்ச குண்டு. மனுசனுக்குக் கூடாதுன்னு சொன்னதே மானுக்குக் கட்டாயம். கேக்க கொடூரமா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, பட்டாளத்துக்காரன் காயம்பட்டா தூக்கிட்டுப் போக ஆஸ்பத்திரி இருக்கு, மானுக்கு யாரு இருக்கா? அது சீக்கிரமா செத்தாதான் அதுக்கு நல்லது.

பட்டாளத்துல போடற குண்டு முழுசா உலோகத்தால மூடியிருக்கும். அது விரியாது, பெரும்பாலும் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் சின்ன ஓட்டை போட்டுட்டுப் போயிடும். மான் ஒன்னுமே ஆகாத மாதிரி ஓடும், கீழ பள்ளத்துல எங்கயாவது விழுந்து மணிக்கணக்கா துடிச்சு சாகும், ரத்தத் தடம்கூட சரியா விழாது, உனக்கும் கெடைக்காது. வேட்டைக் குண்டுக்கு மூக்கு மெத்துனு ஈயமா திறந்து இருக்கும், இல்ல நுனியில ஒரு குழி இருக்கும், சிலதுல பிளாஸ்டிக் முனை இருக்கும். பட்டவுடனே முன்பக்கம் காளான் மாதிரி விரிஞ்சு நுரையீரல்ல அகலமா வழி போட்டு அந்தப் பக்கமும் வெளிய வரணும். வெளிய வர்ற ஓட்டை முக்கியம், ரத்தம் அங்கதான் தரையில சொட்டும், அத வச்சுதான் தேடுவோம்.

அதுக்காக ரொம்ப விரிஞ்சாலும் தொல்லைதான். நரி, முயலுக்குன்னு செய்யற மெல்லிசு குண்ட ரூசா மேல கிட்டத்துல விட்டா, தோள் எலும்புல பட்டு அங்கயே தூளாயிடும், உள்ள போகவே போகாது. ஆண் ரூசா இருநூறு கிலோவத் தாண்டும், தோல் தடிப்பு, மழைக்காலத்துல சேத்துல பொரண்டு மேல காஞ்ச சேறு வேற அப்பியிருக்கும். அமெரிக்காவுல ஜான் நோஸ்லர்னு ஒருத்தர் 1946-ல பெரிய மூஸ் மான் ஒன்ன சுட்டுட்டு, குண்டு சரியா உள்ள போகலன்னு கடுப்பாகி, நடுவுல ஒரு தடுப்பு வச்சு புதுசா குண்டு செஞ்சாரு, முன்பாதி விரியும், பின்பாதி கெட்டியா தள்ளிட்டுப் போகும். 1948-ல இருந்து விக்குது, இன்னிக்கும் பாக்கெட்ல பார்ட்டிஷன்னு போட்டு கெடைக்கும். ஈயத்தையும் மேல்தகட்டையும் ஒட்டவச்ச பாண்டட் குண்டும் இதே வேலைக்குத்தான். ரூசாவுக்கு எங்கிட்ட கேட்டா இந்த ரெண்டுல ஒன்னு, 270-ல 130 இல்ல 150 கிரெய்ன், 308-ல 150ல இருந்து 180 வரைக்கும். இதுக்கு மேல தேவையே இல்ல. மேக்னத்த வாங்கிட்டு சுடும்போது துப்பாக்கி பின்னால தோள்ல இடிக்கறதுக்கு பயந்து கண்ண மூடிட்டு ட்ரிக்கர இழுக்கறவங்கள சுட்டுப் பழகற ரேஞ்சுல நெறைய பாக்கறேன், அவங்க குண்டு எங்க போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது.

செம்புக் குண்டு, அதாவது ஈயமே இல்லாம முழுசா செம்புல செஞ்சது, அதப் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா கறி வீட்டுக்கு வருது. சுட்ட மான தோலுரிச்சு தொங்க விட்டா, குண்டு போன எடத்த சுத்தி கறி கறுத்து ஜெல்லி மாதிரி கொழகொழன்னு ரத்தம் கட்டியிருக்கும். அத வெட்டி எறிஞ்சா போதும்னு நெனைப்போம், ஆனா ஈயக் குண்டு ஓடற வேகத்துல பொடிப்பொடியா சிதறும், எக்ஸ்ரே எடுத்தா காயத்துல இருந்து ரொம்ப தள்ளிகூட வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியும், கண்ணுக்குத் தெரியாது, பல்லுலயும் தட்டுப்படாது. சின்னப் பிள்ளைங்களுக்கும் மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கும் ஈயம் சுத்தமா ஆகாது. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னுட்டாங்க, செத்த மான் குடலத் தின்னு கழுகுங்க செத்ததும் ஒரு காரணம். வீட்டுல பேரப்பிள்ளைங்க பெரட்டல் கறிக்கு உக்காந்திருக்கும்போது எனக்கு செம்புதான் நிம்மதி. ஒன்னு மட்டும், செம்பு கெட்டி, விரியறதுக்கு வேகம் வேணும், வேகம் கொறஞ்ச தூரத்துல அது வெறும் ஊசியா குத்திட்டுப் போயிடும். அதோட ஈயத்தவிட எடை கம்மிங்கறதால அதே கிரெய்னுக்கு குண்டு நீளமாயிடும், அதனால ஒரு படி கம்மி எடையில வாங்கறது வழக்கம், வாங்கறப்ப அந்த ஊர் சட்டம் சொல்ற எடைக்குக் கீழ போயிடக்கூடாது.

பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் துப்பாக்கிக்குப் பிடிக்கணும். ஒரே மாடல் ரெண்டு துப்பாக்கி, ஒன்னு ஒரு கம்பெனி தோட்டாவுல குண்டெல்லாம் ஒரே எடத்துல போடும், இன்னொன்னு அதே தோட்டாவுல சிதறடிக்கும். மூணு நாலு விதம் வாங்கி நூறு மீட்டர்ல சுட்டுப் பாத்து, பிடிச்சது எதுவோ அதுல ஒரே லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில செஞ்ச பெட்டியா எடுத்து வச்சிக்கங்க. 270 வின்செஸ்டரும் 270 ஷார்ட் மேக்னமும் வேற வேற தோட்டா, பின்பக்கம் பித்தளையில பொறிச்சிருக்கறத படிச்சிட்டுத்தான் உள்ள போடணும். அப்புறம் எந்தக் குண்டா இருந்தாலும் முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சுல, கீழ்ப்பாதியில அடிச்சாதான். வயித்துல பட்டா எந்த விலை குண்டும் காப்பாத்தாது.

கடைசியா தங்கச்சி ஒருத்தங்க ஃபோன்ல கேட்டிருக்காங்க, அவங்க அண்ணன் மெல்போர்ன்ல இருந்து வர்றப்ப ஒரு தோட்டா ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரவான்னு. வேண்டாம்மா. லைசன்ஸ் இல்லாம ஒரே ஒரு தோட்டா பையில இருந்தாலும் மலேசியாவோட 1960 ஆயுதச் சட்டத்துல குத்தம், ஏர்போர்ட்டுல ஞாபகார்த்தம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. வேட்டைக்குப் போட்டுட்டுப் போன ஜாக்கெட்டயே மாட்டிட்டு வந்தா பாக்கெட் எல்லாத்தையும் ஒருக்கா உதறிப் பாக்கச் சொல்லுங்க.